'டெர்த்': பஞ்சத்துக்குள் ஒரு விலை

ஆங்கிலத்தில் பற்றாக்குறையைச் சொல்ல 'ஷார்ட்டேஜ்', 'ஸ்கேர்சிட்டி' என்று பல சொற்கள் இருக்கின்றன. அவற்றில் கொஞ்சம் விநோதமானது 'டெர்த்'. 'எர்த்' என்ற சொல்லுக்கு முன்னால் 'டி' எழுத்தைச் சேர்த்தால் இது வந்துவிடும். உச்சரிப்பும் அப்படியே.

பயன்படுத்துவது சுலபம். 'எ டெர்த் ஆஃப்' என்று சொல்லிவிட்டு, எது குறைவோ அதைப் பின்னால் போட வேண்டும். 'எ டெர்த் ஆஃப் டாக்டர்ஸ்' என்றால் போதுமான டாக்டர்கள் இல்லை. நம்மூர் ஆங்கிலப் பேப்பர்களில் இதன் எதிர்மறையும் அடிக்கடி கண்ணில் படும். 'நோ டெர்த் ஆஃப் டேலன்ட்', அதாவது திறமைக்குப் பஞ்சமில்லை. தமிழில் 'பஞ்சம்' செய்கிற அதே வேலை.

சரி, இந்தச் சொல் எப்படி உருவானது? 'வார்ம்' என்பதிலிருந்து 'வார்ம்த்', 'டீப்' என்பதிலிருந்து 'டெப்த்'. அதே மாதிரி 'டியர்' என்பதிலிருந்து 'டெர்த்'. லீவ் லெட்டரில் 'டியர் சார்' என்று எழுதுகிறோமே, அதே டியர்தான்! அன்புக்குரிய என்பதோடு, விலை கூடிய என்ற பொருளும் அதற்கு உண்டு. அரசு ஊழியர்களுக்குக் கிடைக்கும் 'டியர்னெஸ் அலவன்ஸ்', அதாவது அகவிலைப்படி, இந்தப் பொருளில் வந்ததுதான். தானியம் குறைந்தால் விலை ஏறும். அதனால் தட்டுப்பாட்டின் பெயருக்குள்ளேயே விலை உட்கார்ந்துவிட்டது.

தமிழில் இதற்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார்: 'அருமை'. அரிதாக இருப்பதும் அருமைதான், 'அருமை மகளுக்கு' என்று கடிதம் தொடங்கும் பாசமும் அருமைதான். நாம் அரிதான பொருளிலிருந்து பாசத்துக்குப் போனோம். அவர்கள் டியரிலிருந்து பஞ்சத்துக்குப் போயிருக்கிறார்கள் :-)

இது வெறும் அகராதி விளையாட்டு இல்லை. 1776-ல் 'வெல்த் ஆஃப் நேஷன்ஸ்' எழுதிய ஆடம் ஸ்மித், டெர்த்தையும் ஃபேமினையும் தனித்தனியாகவே பார்த்தார். முதலாவது தட்டுப்பாடும் விலையேற்றமும். இரண்டாவது பட்டினிப் பஞ்சம். முதலாவது வந்தால் இரண்டாவதும் வந்தே தீர வேண்டும் என்பதில்லை.

1943-ல் வங்காளத்தில் பல லட்சம் பேர் பஞ்சத்தில் செத்தார்கள். அரிசியே இல்லாததால்தான் என்று பலரும் நினைத்தார்கள். அமர்த்தியா சென் 1981-ல் வெளியிட்ட புத்தகத்தில் வேறு கணக்கைக் காட்டினார். பஞ்சமில்லாத 1941-ஐ விட 1943-ல் உணவு அதிகமாகவே இருந்தது என்பது அவர் வாதம். போர்க்காலத்தில் அரிசி விலை எகிறியது, கூலி அந்த அளவுக்கு ஏறவில்லை. விவசாயக் கூலிகளும் மீனவர்களும்தான் முதலில் விழுந்தார்கள்.

அதனால் இனிமேல் 'டெர்த்' என்று எங்காவது படித்தால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பொருளே இல்லையா, அல்லது வாங்கக் காசு இல்லையா? இரண்டுக்கும் மருந்து வேறு. முதலாவதற்கு விளைச்சல் வேண்டும். இரண்டாவதற்கு மூட்டைகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் போதாது, கூலியையும் பார்க்க வேண்டும்.