மறைந்து கொடுத்த கை

குழந்தைக்குப் பரிசு கொடுப்பது எளிது. அப்பரிசு யாரிடமிருந்து வந்தது என்று அது கேட்கும்போது விடை கூறுவதுதான் அரிது. நம் முன்னோர் ஒல்லாந்தர் என்று அழைத்த நெதர்லாந்து மக்கள், ஆண்டுதோறும் குளிர்காலத்தின் தலைவாயிலில் இவ்வினாவை எதிர்கொள்கின்றனர். அந்நாட்டில் வாழும் மகளுடனும் மருமகனுடனும் ஒரு குளிர்காலத்தைக் கழிக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியபோது, அவ்வினா நம்மையும் தேடி வந்தது.

நவம்பர் திங்களின் நடுவில், ஒரு சனிக்கிழமையன்று, நெதர்லாந்தின் ஏதேனும் ஓர் ஊர்த்துறையில் நீராவிக் கப்பலொன்று வந்தணைகிறது. செந்நிறப் போர்வையும், உயர்ந்த தலையணியும், நீண்ட வெண்தாடியும், நுனி வளைந்த கோலும் கொண்ட முதியவர் ஒருவர் அதினின்றும் இறங்கி, வெண்புரவி மீதேறி ஊர்வலம் வருகிறார். அவர்தாம் சின்டர்கிளாஸ். ஸ்பெயின் நாட்டிலிருந்து வருவதாகச் சொல்லப்படும் அவரை ஊரின் மேயரே துறைக்குச் சென்று வரவேற்கிறார். 1952ஆம் ஆண்டு முதல் இவ்வரவேற்பு தொலைக்காட்சி வாயிலாக நாடு முழுமைக்கும் காட்டப்பட்டு வருகிறது.

அன்று தொடங்கி டிசம்பர் 5 வரை சிறுவர்கள், படுக்கைக்குச் செல்லுமுன் தம் காலணி ஒன்றைக் கணப்படுப்பின் அருகே வைக்கின்றனர். குதிரைக்கென ஒரு காரட்டையோ சிறிது வைக்கோலையோ அதனுள் இட்டுப் பாட்டுப் பாடுகின்றனர். விடிந்ததும் பார்த்தால் காரட் மறைந்திருக்கும். அவ்விடத்தில் ஒரு தின்பண்டம் இருக்கும். கறுவாப்பட்டை, கிராம்பு, சாதிக்காய் மணக்கும் பிஸ்கோத்துகளும், குழந்தையின் பெயரின் முதலெழுத்து வடிவில் வார்த்த சாக்லேட்டும் இக்காலத்துக்கே உரியவை. 5ஆம் நாள் மாலையில் கதவு தட்டப்படும். திறந்தால் ஆளிருக்காது, பரிசுகள் நிறைந்த சாக்குப்பை மட்டும் வாசலில் கிடக்கும்.

இவ்விளையாட்டுக்கு அந்நாட்டுப் பெரியவர்கள் எடுத்துக்கொள்ளும் முயற்சி வியப்புக்குரியது. 2001 முதல் இப்பருவத்தில், உண்மைச் செய்தியறிக்கையின் தோற்றத்திலேயே, சின்டர்கிளாஸைப் பற்றிய ‘செய்திகள்’ குழந்தைகளுக்காக ஒளிபரப்பாகின்றன. பரிசுகள் காணாமற்போயின என்றும், கப்பல் வழி தவறியது என்றும் கவலை எழுப்பப்பட்டு, உரிய நாளில் எல்லாம் நலமாக முடியும். அமெரிகோ என்றழைக்கப்பட்ட குதிரை 2019இல் ஓய்வு பெற்றபோது, ‘மிகமிக விரைவு’ என்னும் பொருள்படும் ஓசோஸ்நெல் என்ற புதுக்குதிரை முறைப்படி பொறுப்பேற்றது. பெற்றோர், ஆசிரியர், கடைக்காரர், மேயர் ஆகிய அனைவரும் ஒரே குரலில் பேசுகின்றனர். ஏழெட்டு வயதுப் பிள்ளையைப் பற்றி அங்கே ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி, “இன்னும் நம்புகிறானா?” என்பதாகும். இறைவனை நம்புவதற்கு அவர்கள் மொழியில் எச்சொல் உண்டோ, அதே சொல்தான் இதற்கும் வழங்குகிறது. அச்சொல் நம் நெஞ்சில் தங்கிவிட்டது.

இம்முதியவருக்கு மூலமாய் அமைந்தவர், 4ஆம் நூற்றாண்டில் மைரா என்னும் நகரில் வாழ்ந்த நிக்கலஸ் என்ற கிறித்தவ ஆயர். அந்நகர் இருந்த இடம் இன்று துருக்கி நாட்டில், டெம்ரே என்ற பெயருடன் விளங்குகிறது. 1087இல் அவருடைய எலும்புகளை மாலுமிகள் இத்தாலியிலுள்ள பாரி நகருக்குக் கொண்டு சென்றனர். கடலோடிகளும் வணிகர்களும் அவரைத் தம் காவலராகக் கொண்டமையால், துறைமுக நகரங்கள்தோறும் அவர் புகழ் பரவியது.

அவரைப் பற்றி வழங்கும் கதைகளுள் ஒன்று நம் மனத்தைத் தொடுவது. வறுமையுற்ற தந்தையொருவருக்கு மூன்று பெண்மக்கள். சீர் கொடுக்க வழியின்மையால் அவர்தம் வாழ்வு சீரழியும் நிலை. நம் வீடுகளில் வழங்கும் சொல்லில் கூறுவதாயின், மூன்று குமர்களைக் கரையேற்ற இயலாத தகப்பன். நிக்கலஸ் இரவோடு இரவாகச் சென்று, ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பொன்முடிப்பாக, அவ்வீட்டுச் சாளரத்தின் வழியே எறிந்துவிட்டு மறைந்தாராம். கொடுத்தவர் யாரென்று பெற்றவர் அறியலாகாது என்பதே அவர் நோக்கம். குமர் காரியத்துக்கு உதவியவர் பெயரைப் பந்தலில் நின்று முழங்கும் வழக்கத்தைக் கண்டவர்களுக்கு இக்கதையின் அருமை விளங்கும்.

காலம் செல்லச் செல்ல, இக்கொடையின் மீது வேறு பல பொருள்கள் வந்து படிந்தன. ஒரு பெரிய நூலில் குழந்தைகளின் நன்மை தீமைகள் எழுதப்பட்டுள்ளன என்பது அவற்றுள் ஒன்று. குறும்பு செய்தவனுக்கு விளாறுக்கட்டு உண்டு. மிகத் தீயவனைச் சாக்கில் கட்டி ஸ்பெயினுக்குத் தூக்கிச் செல்வார் என்றும் முற்காலத்தில் அச்சுறுத்தினர். யான் ஸ்டேன் என்னும் ஓவியர் 1660களில் தீட்டிய இவ்விழாக் காட்சி, ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. சிறுமி பொம்மையை அணைத்து மகிழ்கிறாள். அவள் அண்ணனோ தன் காலணியில் விளாறு கிடப்பது கண்டு அழுகிறான். பின்புறம் திரையருகே நிற்கும் பாட்டி அவனைச் சைகையால் அழைக்கிறாள். அத்திரைக்குப் பின் அவனுக்கும் ஏதோ மறைத்து வைத்திருப்பாள் போலும்!

அந்நூலைப் பற்றி நாம் எண்ணிப் பார்த்தோம். நல்ல பிள்ளைக்கு நல்ல பரிசு என்பது மெய்யானால், செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு மிதிவண்டியும், கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு பிடி பிஸ்கோத்தும் வந்ததற்கு அப்பிள்ளை என்ன காரணம் காணும்? தன் தந்தையின் வருவாய் குறைவு என்று அதற்குத் தெரியாது. தன்னிடம்தான் குற்றம் என்று முடிவு செய்யும். இல்லாதோர் இல்லங்களுக்கென இப்பருவத்தில் பரிசு திரட்டித் தரும் அறநிலையங்கள் அந்நாட்டில் இருப்பது, இத்துன்பத்தை அவர்களும் உணர்ந்துள்ளமைக்குச் சான்று.

நீராவிக் கப்பல் இவ்விழாவினுள் புகுந்தது 1850இல்தான். ஆம்ஸ்டர்டாம் பள்ளியாசிரியர் யான் ஸ்கெங்க்மன் எழுதிய சிறுவர் படநூலே அதனைக் கொண்டுவந்தது. அந்நூலிலேயே கருநிறப் பணியாள் ஒருவனும் ஆயருடன் வருகிறான். நெதர்லாந்தின் ஆட்சியிலிருந்த சூரினாமில் அடிமைமுறை ஒழிந்தது 1863இல் என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். பின்னாளில் வெள்ளையர் தம் முகத்தில் கருமை பூசி, இதழ்களுக்குச் செஞ்சாயமிட்டு, ‘கறுப்பு பீட்’ என்ற பெயரில் குதித்தாடினர். “குழந்தைகளின் விளையாட்டுத்தானே!” என்று பெரியவர்கள் நெடுங்காலம் கூறிவந்தனர். சூரினாமிலிருந்து வந்து குடியேறியோரின் பிள்ளைகளைப் பள்ளித்தோழர்கள் அப்பெயரால் கேலி செய்தபோது, அது விளையாட்டாக இல்லை. 2011க்குப் பின் எதிர்ப்பு வலுத்தது. 2019 முதல் தேசிய வரவேற்பில், புகைபோக்கி வழி வந்தவர் போலக் கன்னத்தில் கரிக்கோடு மட்டும் தீட்டிய பணியாளர்களே வருகின்றனர். மனிதர் புனைந்த கதையை மனிதரே திருத்தலாம் என்பதற்கு இதுவும் ஒரு சான்றாகும்.

இனி, நம் இல்லத்து நிகழ்ச்சிக்கு வருவோம். அந்நாட்டு முஸ்லிம் குடும்பங்களுள் சில, இது புனிதர் ஒருவரின் திருநாள் என்று கருதித் தம் பிள்ளைகளை விலக்கி வைக்கின்றன. சில, சமயச் சார்பு தேய்ந்துபோன சிறுவர் விழா என்று கொண்டு பங்குபெறச் செய்கின்றன. நம் மகள் இரண்டுக்கும் இடையில் தத்தளித்தாள். “வாப்பா, வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் மகிழும்போது இவள் மட்டும் ஓரமாக நிற்கவேண்டுமா? ஆனால் இல்லாத ஒன்றை உண்டென்று நானே எப்படிச் சொல்வேன்?” என்றாள். “நாலு வருடக் கதைதானே மாமா, இதிலென்ன தீங்கு?” என்று கேட்டார் மருமகன். இருவர் கூற்றிலும் நியாயம் இருந்தது.

விடை கூறவேண்டிய பொறுப்பு நம் தலையில் விழுந்தது. ஏழு வயதுப் பேத்தி ஓரிரவு நம்மருகே வந்தமர்ந்து, “நன்னா, நீங்கள் பொய் சொல்லமாட்டீர்கள். சின்டர்கிளாஸ் மெய்யாகவே வருகிறாரா?” என்று கேட்டாள். அவள் கேட்டது கதையன்று. நம் சொல்லின் மதிப்பை வைத்துக் கேட்டாள். நாம் கூறினோம்: “நிக்கலஸ் என்று ஒரு மனிதர் முன்னொரு காலத்தில் இருந்தார். இரவில் மறைந்து கொடுத்தார் என்று சொல்கிறார்கள். அவர் இறந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. இப்போது பெரியவர்கள் அவரைப்போல் வேடமிட்டு, மறைந்து கொடுத்து விளையாடுகிறார்கள்.” சற்றுநேரம் பேசாதிருந்தவள், “அப்படியானால் காரட்டை யார் தின்றது?” என்றாள். “உன் வாப்பாவைக் கேள்” என்றோம். அவள் சிரித்துவிட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “இன்றிரவு தம்பியின் காலணியில் நான் வைக்கட்டுமா?” என்று கேட்டாள். அவள் அதனை வைத்தாள். தம்பி உண்மையாகவே கேட்கும் நாளில் அவனுக்கும் இவ்வாறே சொல்லவேண்டும் என்று அவள் உம்மா கூறிவைத்தாள்.

இவ்விடத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வில் நிகழ்ந்த இரண்டு செய்திகள் நமக்கு வழிகாட்டுகின்றன. தாயொருத்தி தன் சிறுமகனை, ஏதோ தருவதாகக் கூறி அழைத்தாள். என்ன தர எண்ணினாய் என்று பெருமானார் வினவ, பேரீச்சம்பழம் என்றாள். ஒன்றும் தராதிருந்தால் அது உன்மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்றார்கள். மற்றொன்று, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளைப் பற்றியது. அவற்றினிடையே துணியால் இறக்கை தைத்த குதிரை ஒன்று இருந்தது. குதிரைக்கு இறக்கையா என்று நாயகம் வினவியபோது, சுலைமான் நபியின் குதிரைகளுக்கு இறக்கை இருந்ததைத் தாங்கள் கேட்டதில்லையா என்றார் ஆயிஷா. பெருமானார் பற்கள் தெரியச் சிரித்தார்களாம்.

குழந்தையின் கற்பனைக் குதிரைக்கு இடமளித்த அதே நெறி, குழந்தையிடம் சொன்ன சொல்லைப் பெரியவர் காக்கவேண்டும் என்றும் விதிக்கிறது. கூரைமேல் ஓடும் வெண்புரவியைக் குழந்தை கற்பனை செய்து களித்தால் அது விளையாட்டு. மெய்யறிய விரும்பி அது நம் முகத்தை நோக்கும்போது, அப்புரவியின் பெயரால் நாம் சத்தியம் செய்தால் அது வேறு. நாளை இறைவனைப் பற்றியும் மறுமையைப் பற்றியும் அக்குழந்தைக்கு எடுத்துரைக்கப் போவதும் இதே நாவன்றோ?

மெய் தெரிந்தபின் இன்பம் போய்விடும் என்று அஞ்சுவோருக்கு ஒல்லாந்தரே மறுமொழி தருகின்றனர். பள்ளியின் மேல்வகுப்புப் பிள்ளைகளும் பெரியவர்களும் சீட்டுக் குலுக்கிப் போட்டு, தமக்கு வாய்த்தவருக்கு மறைவாக ஒரு பரிசு ஆயத்தம் செய்கின்றனர். அட்டையாலும் பசையாலும் வேடிக்கையான உருவம் செய்து அதனுள் பரிசை ஒளித்து வைத்து, பெறுபவரின் குறைகளை மெல்லக் கிண்டல் செய்யும் பாட்டொன்றும் எழுதி, ‘சின்டர்கிளாஸ்’ என்று கையெழுத்திடுகின்றனர். பெற்றவர் அதனை எல்லோர் முன்னிலையிலும் உரக்கப் படிக்கவேண்டும். அங்கே யாரும் நம்பவில்லை; எனினும் யாருக்கும் மகிழ்ச்சி குறையவில்லை. கொடுத்த கை மறைந்திருப்பதில்தான் அம்மகிழ்ச்சி இருக்கிறது.

வலக்கை ஈவதை இடக்கை அறியலாகாது என்று கற்ற நமக்கு இது அயலார் பாடமன்று. கேட்காத குழந்தையின் விளையாட்டைக் கலைக்கவேண்டுவதில்லை. கேட்கும் குழந்தைக்கு மெய்யைச் சொல்லிவிட்டு, மறைந்து கொடுக்கும் வேலையில் அதனையும் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்வோம்.