கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும்! - புதுப்பேட்டையில் தொடங்கும் பட்டி, பெயின்ட் பாடம்

சென்னை எழும்பூர் ரயில் நிலையத்தின் சந்தடியை விட்டு, தெற்கே கூவம் ஆற்றை நோக்கி நடந்தால் புதுப்பேட்டை. ஊர் வந்துவிட்டது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. கடை வாசல்களில் கதவுகள் வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். வீட்டுக் கதவுகள் அல்ல, கார் கதவுகள். தலைக்கு மேலே பம்பர்கள் தொங்கும், காலடியில் கியர் பாக்ஸ்கள் குவிந்து கிடக்கும். நடுவில் உள்ள இடைவெளியில் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருப்பார்.

‘புதுப்பேட்டைக்குள்ள வண்டியை விட்டா, திரும்பிப் பார்க்கிறதுக்குள்ள பிரிச்சிடுவாங்க’ என்பது சென்னையின் பழைய கிண்டல். 2006-ல் வந்த செல்வராகவன் படத்தால் தமிழ்நாடு முழுக்கப் பேர் தெரிந்த பேட்டை இது. ஆனால், கார் வேலை பழகுபவர்களுக்கு இது வேறு மாதிரியான இடம். இங்கேதான் அவர்களுக்கு ‘சிலேட்டு’ கிடைக்கிறது.

வாடிக்கையாளரின் காரில் கை வைத்துப் பழக முடியாது. கோணிப்போன பானட், நசுங்கிய கதவு, துருவேறிய மட்கார்டு என்று எடைக்குப் போகவேண்டிய தகடு ஒன்றை வாங்கிப்போய் அதில்தான் பழக வேண்டும். தப்பாகத் தட்டினாலும், தப்பாகத் தேய்த்தாலும் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

ஒடுக்கு எடுப்பது முதல் வகுப்பு

‘பட்டி டிங்கரிங் பார்த்தாச்சு’ என்று மேக்கப் போட்டவர்களைக் கேலி செய்கிறோமே, அந்த வார்த்தைகள் பட்டறையிலிருந்து வந்தவைதான். ‘பட்டி’ ஆங்கில ‘புட்டி’யின் தமிழ் உச்சரிப்பு. ‘டிங்கர்’ என்றால் பாத்திரம் அடைப்பவர், தகர வேலைக்காரர். கேலியில் இரண்டும் ஒன்றாக வந்தாலும், தொழிலில் இவை தனித்தனி வேலைகள்.

டிங்கரிங் என்பது தகட்டை அதன் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருவது. உள்பக்கம் ‘டாலி’ என்ற இரும்புக் கட்டியை அணைகொடுத்துப் பிடித்து, வெளிப்பக்கம் சுத்தியலால் தட்ட வேண்டும். புதிதாக வருபவர் ஓங்கி அடிப்பார். இன்றைய கார்களின் தகடு பெரும்பாலும் 1 மில்லிமீட்டர்கூட இருக்காது. ஓங்கி அடித்தால் அது விரிந்துவிடும். பிறகு எண்ணெய் டின்னின் அடிப்பாகம்போல அமுக்கினால் உள்ளே போய், விட்டால் ‘டப்’ என்று வெளியே வரும். அதைச் சரிசெய்வது பழைய ஒடுக்கை எடுப்பதைவிடக் கஷ்டம். அதனால் சின்னச் சின்னத் தட்டாக, ஒடுக்கின் ஓரத்திலிருந்து நடுவுக்கு வரச் சொல்வார்கள்.

பட்டியும் பட்டாணியும்

அடுத்தது பட்டி. தட்டியும் சரியாகாத மிச்சப் பள்ளத்தை மட்டும் நிரப்பத்தான் இது. எலுமிச்சம்பழ அளவு பட்டிக்கு, பட்டாணி அளவு ஹார்டனர். குறைந்தால் இறுகாது, கூடினால் பூசுவதற்குள் கல்லாகிவிடும். சென்னையின் சித்திரை வெயிலில் சில நிமிடங்கள்தான் அவகாசம் கிடைக்கும்.

2, 3 மில்லிமீட்டருக்கு மேல் கனமாகப் பூசினால் ஓட்டத்தின் அதிர்வில் என்றைக்காவது வெடிக்கும். தண்ணீர் விட்டுத் தேய்ப்பதும் ஆபத்து. பட்டி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அடியில் துரு பிடித்து, மேலே புத்தம்புது பெயின்டில் அம்மைக் கொப்புளம்போலக் கிளம்பும். பிரைமர் அடித்த பிறகுதான் தண்ணீருக்கு இடம்.

பிறகு உப்புத்தாள். எண் கூடக் கூடத் தாள் நைசாகும். 80-ல் தொடங்கி 180, 320 என்று போய், பிரைமருக்கு மேல் 400, 600, மெட்டாலிக் நிறம் என்றால் 800 வரை. தாளை வெறும் விரலில் சுற்றித் தேய்த்தால், விரல் போன வழியெல்லாம் வாய்க்கால் விழும். மரக்கட்டையில் சுற்றித்தான் தேய்க்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் தொழிலின் முக்கியமான பாடம் வருகிறது. ‘கண்ணை மூடிட்டு கையை வெச்சுப் பாரு தம்பி’ என்பார்கள். தேய்த்த இடம் சாம்பல் நிறத்தில் மட்டமாக இருப்பதால் கண்ணுக்கு மேடு பள்ளம் தெரியாது. உள்ளங்கையை மெதுவாக நகர்த்தினால் தெரியும். துணியை நடுவில் வைத்துத் தடவினால் இன்னும் நன்றாகத் தெரியும். இதற்குக் கை பழகவே பல மாதம் பிடிக்கும்.

கை பழகாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. பிரைமரின் மேல் கறுப்பு பெயின்டைத் தூவினாற்போல லேசாக அடித்து, காய்ந்ததும் தேய்க்க வேண்டும். மேடான இடத்தில் கறுப்பு போய்விடும், பள்ளத்தில் நிற்கும். தகடு தன் குறையைத் தானே எழுதிக் காட்டிவிடும்.

பெயின்ட் மறைக்காது

‘எப்படியும் மேலே பெயின்ட் அடிக்கப்போறோம், மறைஞ்சிடும்’ என்று நினைப்பதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. பளபளப்பான பெயின்ட் கண்ணாடி மாதிரி. சாம்பல் நிறத்தில் தெரியாத பள்ளம், பெயின்ட் அடித்ததும் தெருவிளக்கின் பிம்பம் நெளிவதில் தெரிந்துவிடும்.

நாள் கணக்கில் தேய்த்தால், பெயின்ட் அடிக்கும் நேரம் கொஞ்சம்தான். கன்னைத் தகட்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிக்க வேண்டும். மணிக்கட்டைச் சுழற்றாமல், உடம்போடு சேர்த்து நேர்கோட்டில் நகர்த்த வேண்டும். கை நகரத் தொடங்கிய பிறகு விசையை அழுத்தி, நிற்கும் முன் விட்டுவிட வேண்டும். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சில் பாதியை மூட வேண்டும்.

கிட்டே பிடித்தாலோ மெதுவாக நகர்ந்தாலோ பெயின்ட் கண்ணீராக வழியும். தள்ளிப் பிடித்தால் ஆரஞ்சுத் தோல்போலச் சொரசொரப்பாகும். காரில் முன்பு போட்ட சிலிகான் பாலிஷ் துளி மிச்சம் இருந்தாலும், அந்த இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் மீன்கண்போல வட்டம் வட்டமாக விலகும்.

சென்னைக்கே உரிய சிக்கல் கடற்காற்று. வெறும் தகட்டை ராத்திரி அப்படியே விட்டால் காலையில் துரு பூத்திருக்கும். மழைக்காலத்தில் என்.சி. பெயின்ட் அடித்தால் பால் கொட்டினாற்போல வெளுத்துவிடுவதும் உண்டு. தின்னர் ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிவதுதான் காரணம். ஐப்பசி மழையில் பெயின்டர் வானத்தைப் பார்ப்பது, விவசாயி பார்ப்பதற்கு நேர்மாறான ஆசையோடுதான்.

இந்த என்.சி. வகையின் மூதாதை, 1920-களில் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் கொண்டுவந்த ‘டூக்கோ’. அதுவரை காருக்கு வர்ணம் பூசிக் காயவைக்க வாரக்கணக்கில் ஆனது. கன்னில் அடித்துச் சீக்கிரம் காயவைக்க வழிசெய்தது அதுதான். இன்றும் நம் ஊர் மரச்சாமான் கடைகளில் ‘டூக்கோ பெயின்டிங்’ என்ற பேச்சு நிற்கிறது.

மூச்சுதான் முதல்

இப்போது பரவலாக இருப்பது ஹார்டனர் கலந்து அடிக்கும் ‘டூ கே’ பெயின்ட். பளபளப்பும் உழைப்பும் அதிகம். ஆனால், அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. அதன் புகைத்துளிகளைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால், பிறகு கொஞ்சம் பட்டாலே மூச்சு இழுக்கும். இருபது வயதில் கற்ற தொழிலை முப்பதில் விட வேண்டிவரும்.

பல சின்னப் பட்டறைகளில் இதற்குப் பாதுகாப்பு, மூக்கைச் சுற்றிக் கட்டிய கைக்குட்டை. அது தூசியைக்கூட முழுதாகத் தடுக்காது. வழக்கமான பெயின்டுக்குக் கரி வடிகட்டி உள்ள மாஸ்க் வேண்டும். டூ கே-க்கு, வெளியிலிருந்து குழாய் வழியே நல்ல காற்று தரும் முகமூடிதான் சரியான பாதுகாப்பு. அது இல்லாத இடத்தில் பழகுபவர் டூ கே-யைத் தொடாமல், மற்ற வேலைகளில் கையைத் தேற்றிக்கொள்ளலாம்.

பட்டறைக்குப் போகாமல் முறையாகப் படிக்க விரும்பினால், ஐ.டி.ஐ பாடப்பிரிவுகளில் கார் பாடி பெயின்டிங்குக்கென்றே தனிப்பிரிவு இருக்கிறது. பக்கத்து ஐ.டி.ஐ-யில் அது உண்டா என்று விசாரியுங்கள்.

பழைய கார் வாங்குபவர்களுக்கு...

* சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, தகட்டில் வைத்துப் பாருங்கள். பட்டி கனமாக உள்ள இடத்தில் பிடிப்பு குறையும். பிளாஸ்டிக் பம்பரில் இந்தச் சோதனை பலிக்காது.
* காலை வெயிலில் காரின் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். பிம்பம் நெளிந்தால் அங்கே வேலை நடந்திருக்கலாம்.
* கதவு ரப்பரின் ஓரத்தில் பெயின்ட் துளி தெரிகிறதா என்று பாருங்கள்.
* காரின் நிறத்தையே மாற்றினால், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லி ஆர்.சி.யில் பதிய வேண்டும்.

உங்கள் வீட்டுப் பிள்ளை இந்தத் தொழிலைப் பழக ஆசைப்பட்டால் தடுக்க வேண்டாம். கையில் தொழில் இருப்பவருக்கு எந்த ஊரிலும் வேலை உண்டு. புதுப்பேட்டையில் ஒரு பழைய பானட் வாங்கிக்கொடுங்கள். சாமான் பட்டியலில் ஸ்பிரே கன்னுக்கு முன்னால் மாஸ்க்கை எழுதுங்கள்.