ஏறாத தலை

குடியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் வீதியில் விழுந்து கிடப்பவனிலிருந்தே தொடங்குகின்றனர். நாங்களோ விழாத ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1976ஆம் ஆண்டு, சித்திரை மாதம். வடமராட்சியில் ஒரு பனங்காணி. பதினைந்து வயதில் நாங்கள் நால்வர் வேலியோரம் குந்தியிருந்து, பனையோலைப் பிளாவில் முதன்முறையாகக் கள் அருந்தினோம். வார்த்தவர் எங்கள் தந்தையரின் வயதுடைய சீவல் தொழிலாளி. அவரை நாங்கள் ‘நீ’ என்றே விளித்தோம். அந்த வெட்கக்கேடு தனியே எழுதப்பட வேண்டியது. இரண்டாம் பிளாவிலேயே எங்கள் மூவருக்கும் தலை சுற்றியது. நான்காமவன் மட்டும் ஐந்தையும் முடித்துவிட்டு நேராக நடந்து சென்று சைக்கிளில் ஏறினான்.

“இந்தத் தம்பிக்கு ஏறேல்லை. எனக்கு அதுதான் பயமாக் கிடக்கு” என்றார் அந்த மனிதர். நாங்கள் சிரித்தோம். அன்றுமுதல் அவன் எங்கள் வீரன்.

இளமையில் போதை எளிதில் ஏறாதவர்களே பிற்காலத்தில் குடிக்கு அடிமையாகும் அபாயம் கூடியவர்கள் என்று ஆய்வாளர் இன்று கூறுகின்றனர். போதும் என்று உடல் உரைப்பது அவர்களுக்குக் கேட்பதில்லை, அளவு வளர்கிறது. பனையடியில் நின்றவருக்கு அது அனுபவத்தால் தெரிந்திருந்தது.

நண்பன் ஆசிரியனானான். 1986இல் மலையகத்தில் நியமனம். குளிர், தனிமை, விடுதியறை. கள்ளில் மதுசாரம் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பங்கு. சாராயத்தில் 35 அளவு. தோட்டத் தொழிலாளியைக் குடிகாரன் என்று பகலில் இகழ்ந்த விடுதி, மாலையில் கதவைச் சாத்திக்கொண்டது. அங்கும் அவன் வீரனே. நாளடைவில் காலையில் வெண்கட்டி பிடித்த கை நடுங்கலாயிற்று. ஒரு மிடறு உள்ளே போனால் கரும்பலகையில் எழுத்து நேராகும்.

2003இல், பாதை திறந்திருந்த காலம், விடுமுறைக்கு ஊர் வந்தவனைத் திருத்தவும் நாங்களே புறப்பட்டோம். கோயிலுக்கு அழைத்துச் சென்று, எரியும் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் வாங்கினோம். மறுநாள் வியர்த்துக் கொட்டியது. அதற்கு அடுத்த நாள் சுவரில் இல்லாத பூச்சிகளைக் கண்டு அலறினான், வலிப்பும் வந்தது. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர், மருத்துவத் துணையின்றித் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம் என்பதை ஆஸ்பத்திரியிற்றான் அறிந்தோம். அவன் பிழைத்தது எங்கள் புண்ணியத்தாலன்று.

“எப்போது நிறுத்தினவர்?” என்று வைத்தியர் கேட்டார்.

“முந்தாநாள், ஐயா. அதுக்குப் பிறகு ஒரு சொட்டும் தொடேல்லை” என்று பெருமையோடு சொன்னோம்.