கைகளை விடுவித்த கால்கள்

எங்கள் ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில்தான் பல்லாவரம். 1863ஆம் ஆண்டு மே 30ஆம் தேதி நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே ஒரு சரளைப் பள்ளத்தில் கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு அந்த ஒற்றைக் கல்லிலிருந்து தொடங்குகிறது. அதே ஆண்டில் அவரும் வில்லியம் கிங்கும் திருவள்ளூர் மாவட்டத்து அதிரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டனர். அங்குள்ள கைக்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் எனச் சாந்தி பப்புவின் குழு 2011இல் அறிவித்தது.

கைக்கோடரியைக் காண்பவர்கள் அதைச் செதுக்கிய மூளையை வியக்கிறார்கள். எனக்கோ, அந்தக் கையை வேலைக்கு விட்டுக்கொடுத்த கால்களே நினைவுக்கு வருகின்றன. எத்தியோப்பியாவில் 1974இல் கிடைத்த லூசி ஏறக்குறைய 32 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவள். அவள் இனத்தின் மூளை நம்முடையதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் இடுப்பும் முழங்காலும் நிமிர்ந்து நடந்தவளுக்குரியவை. தான்சானியாவின் லேடோலியில் எரிமலைச் சாம்பலில் பதிந்த காலடித் தடங்கள் அவளுக்கும் மூத்தவை. முதலில் எழுந்து நின்றோம். மூளை பெருத்தது வெகுகாலம் கழித்தே.

நடையின் ஒவ்வோர் அடியிலும் உடலின் முழு எடையும் ஒற்றைக் காலில் நிற்கும் கணம் ஒன்று உண்டு. அப்போது இடுப்பு சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொள்பவை அதன் பக்கவாட்டுத் தசைகள். சிம்பன்சிக்கு அவை அப்படி அமையாததால் இரு காலில் நடக்கையில் உடல் இருபுறமும் ஆடுகிறது. இந்தச் சிறிய மாற்றத்தின் மீதுதான் மனிதனின் கைவேலை முழுவதும் நிற்கிறது.

இதை நான் புத்தகத்தில் படித்திருந்தாலும் புரிந்துகொண்டது வீட்டில்தான். இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்து திரும்பிய அப்பா, மூன்றாம் வாரம் வாக்கரைப் பிடித்துக் கூடம் முழுக்க நடந்தார். நாங்கள் மகிழ்ந்தோம். அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

"நடக்கிறேன், சரி. காபி டம்ளரை யார் தூக்குறது?" என்றார்.

இரு கைகளும் தரைக்கே திரும்பிவிட்டிருந்தன. அவர் இழந்தது நடையை அல்ல, நடந்தபடி எதையேனும் ஏந்திச் செல்லும் உரிமையை. பிறகு பல மாதங்கள், சுவரோரம் நின்று காலைப் பக்கவாட்டில் தூக்கும் பயிற்சியை முனகாமல் செய்தார். இப்போது கைத்தடி போதும். மறு கையில் டம்ளர், முக்கால் அளவே நிரப்பியது. வாசல்வரை சிந்தாமல் கொண்டுபோகிறார்.