மரக்காணம்: மார்கழிப் பனியில் உப்பு மலையோரம் ஒரு நடை

பனிமலை பார்க்க இமயம் வரை போக நம்மில் எத்தனை பேருக்கு முடியும்? கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் வந்தால் வேறொரு வெள்ளை மலையைப் பார்க்கலாம். சாலையோரம் வரிசையாக நிற்கும் உப்புக் குவியல்கள்தான் அவை. தூத்துக்குடி, வேதாரண்யம் போலவே உப்புக்குப் பேர்போன ஊர் இது. சவுக்கு, மணிலா, தர்பூசணி என்று ஆளுக்கொரு வெள்ளாமை பார்க்கும் நாங்கள் நான்கு பேர், மார்கழிக் கடைசியில் ஒரு விடியற்காலை இங்கே நடந்தோம்.

ஆறரை மணிக்கும் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வழுக்கும் வரப்பில் ஒருவர் பின் ஒருவராகப் போனோம். பாத்தி, வாய்க்கால், மடை எல்லாம் நம் வயல் மாதிரியேதான். ஆனால், வரப்பில் புல்லுக்குப் பதிலாக உமரிச் செடி. பனி விலக விலக, கீற்று போட்டு மூடிய குவியல்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அவை போன பருவத்து உப்பு. லாரி வரும்போது ஒரு பக்கம் மட்டும் பிரித்து அள்ளுகிறார்கள்.

மழை நின்றால்தான் வேலை

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். தை பிறக்கும் சமயத்தில் மழைநீரை வடித்து, சேற்றை வாரி, பாத்தித் தரையைக் காலால் மிதித்து இறுக்குகிறார்கள். தரை இறுகாவிட்டால் உப்பில் மண் கலந்துவிடும்.

"உங்களுக்கு மழை வந்தா நடவு. எங்களுக்கு மழை வந்தா சும்மா உட்காரணும்ப்பா" என்றார் அங்கே மண் வாரிக்கொண்டிருந்த அம்மா ஒருவர். மழைக்கால நிவாரணமாக உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் வழங்கும் திட்டத்தை 2022-ல் தமிழக அரசு தொடங்கியது. வேலை இல்லாத மூன்று மாதத்துக்கு அது எத்தனை நாள் வரும் என்பதைக் கூலி வாங்கும் குடும்பத்துக்குச் சொல்லவேண்டியதில்லை.

100 லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய மூன்றரைக் கிலோ உப்புகள் கரைந்திருக்கின்றன. கடல்நீரின் அடர்த்தி பூமே அளவில் சுமார் 3 டிகிரி. வெயிலில் வற்றி 25 டிகிரியை நெருங்கும்போது சோற்றுப்பு பூக்கத் தொடங்கும். அதற்கு முன்பே ஜிப்சம் படிந்துவிடும். மிஞ்சும் கசப்பு நீரை வெளியேற்றிவிடுவார்கள். வெயிலும் காற்றும்தான் இங்கே உரம்.

கழுவெளியும் நம் கிணறும்

உப்பளத்துக்குத் தென்மேற்கே கழுவெளி ஏரி. மழைக்காலத்தில் சுற்றியுள்ள ஏரிகளின் உபரிநீர் இதில் சேருகிறது. கழிமுகம் வழியாகக் கடல்நீரும் ஏறி இறங்குகிறது. 5,151 ஹெக்டேர் பரப்புள்ள இதை 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அரசு அறிவித்தது. குளிர்காலத்தில் தூர தேசத்து வாத்துகள் இங்கே வந்து இறங்குகின்றன. பூநாரைகளும் வருவதுண்டு.

ஏரிக்கரையில் உட்கார்ந்து கட்டுச்சோறு பிரித்தபோது, தர்பூசணி வைக்கும் தம்பி கேட்டார்: "அண்ணே, என் போர்த்தண்ணி சித்திரையில உப்புக் கரிக்குது. ஜிப்சம் போட்டா சரியாயிடுமா?"

கடலோரத்தில் நிலம் வைத்திருக்கும் எல்லோருக்குமான கேள்வி இது. நல்ல தண்ணீர் லேசானது. கனமான உப்புநீர்மேல் மிதந்து நிற்கும். கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் இருந்தால், அதற்குக் கீழே ஏறக்குறைய 40 அடி வரை நன்னீர் நிற்கும் என்பது பொதுக் கணக்கு. மேலே 1 அடி குறைந்தால், கீழேயிருந்து உப்புநீர் 40 அடி ஏறிவிடும். ஆழமாகத் துளைத்து ஓயாமல் இறைப்பவர், கடலைத் தம் கொல்லைக்குக் கூப்பிடுகிறார் என்றே அர்த்தம்.

ஜிப்சம் களர் நிலத்துக்கான மருந்து. உவர் நிலத்துக்கு, மழைநீரையோ நல்ல தண்ணீரையோ தேக்கி வடிப்பதுதான் வழி. மழை முடிந்ததும் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை கிணற்று நீரைப் பரிசோதித்து 'ஈ.சி.' அளவைக் குறித்து வையுங்கள். வருடா வருடம் அது ஏறினால் இறைப்பைக் குறையுங்கள். பண்ணைக்குட்டை வெட்டுங்கள், ஊர் ஏரியைத் தூர் வாருங்கள். நெல் வைப்பவர்கள் தக்கைப்பூண்டு மடக்கி உழுது, திருச்சி 3 போன்ற உப்பைத் தாங்கும் ரகங்களை நடலாம்.

உப்பு விற்கப் போனால் மழை பெய்கிறது என்று பழமொழி சொல்வோம். அந்த மழைதான் நம் கிணற்றுக்கும் கடலுக்கும் நடுவே நிற்கும் வேலி.

போக நினைப்பவர்களுக்கு: மரக்காணம், புதுச்சேரியிலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் சுமார் 35 கிலோமீட்டர். பேருந்து வசதி உண்டு. வேலை நடக்கும் பாத்தியில் கேட்காமல் இறங்காதீர்கள். மிதித்து இறுக்கிய தரை அது.