வீட்டுப் பாத்தி, சந்தைப் பாத்தி

எங்கள் வீட்டில் சமைக்கிற கத்தரிக்காயில் புழு இருக்கும். நாங்கள் விற்கிற கத்தரிக்காயில் இருக்காது. கீரமங்கலம் வட்டாரத்தில் காய்கறி போடுகிற பல வீடுகளில் இதுதான் வழக்கம் என்றாலும், ஊரைச் சாட்சிக்கு அழைத்து நான் தப்பிக்கப் போவதில்லை. இது நான் செய்தது.

போர் ஷெட்டை ஒட்டி நாலைந்து பாத்திகள் வீட்டுக்கு. கத்தரி, வெண்டை, மிளகாய், கொஞ்சம் கீரை. அங்கே சாணமும் சாம்பலும் வேப்பங்கொட்டைக் கரைசலும்தான். வாய்க்காலைத் தாண்டினால் அரை ஏக்கர் சந்தைக் கத்தரி. அதற்கு மருந்து. ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே ஆள். காய்ப்பு வேகத்தில் இருக்கும்போது நாலைந்து நாளுக்கு ஒரு பறிப்பு, இரண்டு பறிப்புக்கு நடுவே ஒரு தெளிப்பு. அடித்த பிறகு எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று மருந்து டப்பாவிலேயே அச்சிட்டிருக்கும். நான் அதைப் படித்திருக்கிறேன். படித்துவிட்டுத்தான் மறுநாள் பறித்தேன். மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று 2005-லேயே அரசு தடுத்துவிட்டது. அதற்குப் பிறகும் அடித்தேன்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. கீரனூர்ப் பக்கம் ஒடுகம்பட்டியில் ‘குடும்பம்’ அமைப்பின் கொழுஞ்சிப் பண்ணை இருக்கிறது. அங்கே இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் பேசக் கேட்டிருக்கிறேன். அவர் சொல்லித்தான் வீட்டுப் பாத்தியில் மருந்தை நிறுத்தினேன். மீத்தேன் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தவர், 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டைப் பக்கத்து அத்திவெட்டியில் இறந்தார். 2017 பிப்ரவரியில் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்துச் சனம் திரண்டபோது நானும் பந்தலில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் மண்ணை நஞ்சாக்காதே என்று தொண்டை கட்டக் கத்தினேன். வீடு திரும்பிய வாரம் கத்தரிக்கு மருந்தடிக்க ஆள் சொன்னேன். அந்தக் கோஷத்தை நான் பொய்யாகப் போடவில்லை. ஆனால் என் அரை ஏக்கரும் அதே மண் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவேயில்லை.

அடுத்த வருஷம் கஜா புயல். 2018 நவம்பர் 16 விடிவதற்குள் தென்னையும் பலாவும் சாய்ந்து கிடந்தன. தென்னை மறுபடி காய்க்க வருஷக்கணக்காகும். கூட்டுறவு வங்கிக் கடனும் நகைக் கடனும் அதுவரை காத்திராது. இரண்டு மாதத்தில் காசு பார்க்க வேண்டுமென்றால் கத்தரிதான். கமிஷன் கடையில் ஓட்டை விழுந்த காயைத் தனியாக ஒதுக்கிவிடுவார்கள். சாக்கில் பத்து காய் சொத்தை கண்டால் மொத்தச் சாக்குக்கும் விலை இறங்கும். தண்டையும் காயையும் துளைக்கும் அந்தப் புழு ஒருமுறை உள்ளே போய்விட்டால் மேலே அடிக்கிற எதுவும் அதை எட்டாது. அதனால் வருமுன்னே அடி, அடித்ததையே மறுபடி அடி என்றாகிறது. கஷ்டம் உண்மை. ஆனால் அந்தக் கஷ்டத்திலும் வீட்டுப் பாத்திக்கு மருந்தைக் கொண்டுபோகவில்லையே, ஏன்? இந்தக் கேள்வியிடம் என் கடன்கணக்கு எடுபடாது.

இயற்கைக் காய்க்குக் கூடுதல் காசு கொடுப்பது ஒரு குடும்பத்துக்குத் தகுமா என்று பட்டணத்தில் பேசிக்கொள்கிறார்கள். என் குடும்பத்துக்குத் தகும் என்று நான் எப்போதோ முடிவு செய்துவிட்டேன். அந்தக் கூடுதல் விலையை வேலையாகவும் விளைச்சல் இழப்பாகவும் கொடுத்தேன். வாடிய நுனிகளை என் அம்மா கையால் கிள்ளி எடுத்து எரிப்பார். காய்த்ததில் பாதியளவு சொத்தையாகிப் போன பருவமும் உண்டு. அறுத்து எறிந்துவிட்டு மிச்சத்தைச் சமைத்தோம். அதே நியாயத்தை, காசு கொடுத்து வாங்குகிறவர் பிள்ளைக்கு நான் மறுத்தேன்.

இதுவரை சொன்னதைவிடச் சொல்லக் கூசுவது ஒன்று பாக்கியிருக்கிறது.

புதுக்கோட்டையில் ஒரு டீச்சர். வாடகை வீடு, சின்னப் பெண் குழந்தை ஒன்று. யாரோ சொல்லி வீடு தேடி வந்தார். “அண்ணே, நீங்க சாப்பிடுற காய எங்களுக்கும் குடுங்க” என்று கேட்டார். அரசு வேலையில்லை, தனியார் பள்ளிச் சம்பளம். சந்தையில் கிலோ முப்பது ரூபாய்க்கு விற்றபோது எனக்கு அறுபது கொடுத்தார். வீட்டுப் பாத்தியிலிருந்து வாரா வாரம் பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன். அவர் சொல்லி இன்னும் சில வீடுகள் சேர்ந்தன. நாலு பாத்தி எத்தனை வீட்டுக்குத் தாங்கும்? காய் குறைந்த வாரங்களில் வாய்க்காலைத் தாண்டிப் போய்ப் பறித்துக் கலந்தேன். பார்வைக்குச் சந்தேகம் வராதபடி சொத்தைக் காய் ரெண்டு மூன்றை மேலாகப் போட்டேன். விலை அதே அறுபது.

சான்றிதழ் இல்லாமல் விற்கச் சட்டத்தில் எனக்குத் தடை இருக்கவில்லை. 2017-இல் வந்த இயற்கை உணவு விதிகளின்படி, கடையில் இயற்கைக் காய் என்று விற்க வேண்டுமானால் சான்றிதழ் வேண்டும். ஓராண்டுப் பயிருக்கு நிலத்தை இரண்டு வருஷம் மருந்தில்லாமல் வைத்து மாற்றிக் காட்ட வேண்டும். சிறு விவசாயி நேரே உண்பவர் கையில் கொடுத்தால் அந்தச் சான்றிதழ் தேவையில்லை. எங்களைப் போன்றவர்களைக் காப்பாற்ற நல்ல மனதோடு வைத்த விலக்கு அது. விற்கிறவன் வாய்ச்சொல்லை நம்பி வைத்தது. அந்த இடத்தில்தான் நான் கைவைத்தேன்.

என் மகள் வேளாண்மை படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தவள் கூடையைக் கட்டும்போது பார்த்துவிட்டாள். கத்தவில்லை. பாடத்தில் படித்ததைச் சொன்னாள். 2012-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, இயற்கைக் காய்க்குச் சத்தில் பெரிய மேன்மை இருப்பதாகத் தெரியவில்லையாம். மருந்தெச்சம் மட்டும் குறைவாக இருந்ததாம். “அப்பா, அவங்க அறுபது ரூபா குடுக்கிறது சத்துக்கு இல்ல. மருந்து இல்லைங்கிற ஒண்ணுக்குத்தான். அதத்தான் நீங்க எடுத்துட்டீங்க” என்றாள்.

டீச்சரிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. எந்தெந்த வாரம் என்று மட்டும் கேட்டார். குழந்தை அந்த வாரங்களில் என்ன சாப்பிட்டது என்று அவர் மனதுக்குள் கணக்குப் பார்ப்பது தெரிந்தது. என்னால் வாரத்தைச் சொல்ல முடியவில்லை, நான் குறித்து வைத்திருக்கவில்லை. வாங்கிய கூடுதல் காசைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். பிறகு அவர் வரவில்லை.

மற்ற வீடுகளுக்கும் சொன்னேன். சிலர் விட்டுவிட்டார்கள், சிலர் இன்னும் வாங்குகிறார்கள். இப்போது வாங்க வருகிறவர்களிடம் முதலில் எதற்குக் கூடுதல் காசு கொடுக்கக் கூடாது என்பதைச் சொல்கிறேன். பலாவுக்கு எங்கள் பக்கம் யாரும் மருந்தடிப்பதில்லை. அதை ‘இயற்கைப் பலா’ என்று ஒருவர் கூடுதல் விலை சொன்னால் வாங்க வேண்டாம். தேங்காய் ஓட்டுக்குள் இருக்கிறது. மானாவாரி வரகுக்கு மருந்தடித்துக் கட்டுப்படியாகாது. காசு கைக்கு அடக்கமாக இருக்கிற வீடு, தோலோடு இலையோடு தின்கிறவற்றைப் பார்க்கட்டும்: கத்தரி, வெண்டை, மிளகாய், கறிவேப்பிலை, மல்லித்தழை. நம் நாட்டுக் கறிவேப்பிலையை மருந்தெச்சத்துக்காக ஐரோப்பாக்காரர்கள் எல்லையில் கூடுதலாகச் சோதித்தது சும்மா இல்லை. புளித்தண்ணீரில் கழுவினால் மேலே ஒட்டியது ஓரளவு போகும், செடியின் சாற்றோடு கலந்தது போகாது. அதற்காக, கட்டுப்படியாகாத வீட்டில் காயையே குறைத்துவிடவும் கூடாது. பிள்ளைக்குக் கத்தரிக்காயே கிடைக்காமல் போவதைவிடச் சந்தைக் கத்தரிக்காயை நன்றாகக் கழுவிக் கொடுப்பது மேல். இதை விற்கிறவனே சொல்ல வேண்டும்.

எனக்கு மருந்தடிக்க வருகிற பையனை இத்தனை நாள் நான் கணக்கில் சேர்த்ததே இல்லை. முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு பத்து டேங்க் அடித்துவிட்டு, மத்தியானம் சோறு இறங்காமல் வேப்பமரத்தடியில் படுத்துக் கிடப்பான். தலைவலி என்பான். டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவேன். சாப்பிடுகிறவர் உடம்புக்குப் போவது துளியென்றால், இவன் மேல் விழுவது முழு டேங்க். கூடுதல் விலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இவன் உடம்பையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

அரை ஏக்கரில் கால்வாசியை இந்தப் பட்டத்தில் மருந்தில்லாமல் விட்டிருக்கிறேன். இனக்கவர்ச்சிப் பொறி வைத்து, நுனி கிள்ளி, வேப்பங்கொட்டைச் சாறு அடித்துப் பார்க்கிறேன். பக்கத்துக் கொல்லைக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் குழுவாகப் பதிந்து ஒருவர் நிலத்தை மற்றவர் சோதிக்கிற முறை இருக்கிறது. இரண்டு பேர் சரியென்றிருக்கிறார்கள். மிச்ச நிலத்தில் இன்றைக்கும் மருந்து அடிக்கிறேன். கடன் தீரவில்லை. டப்பாவில் போட்டிருக்கிற நாள்கணக்கை மட்டும் தாண்டுவதில்லை. அந்தக் காய் கீரமங்கலம் கமிஷன் கடைக்குப் போகிறது. அதை வாங்கும் வீடு எது என்று எனக்குத் தெரியாது. அந்த வீட்டிலும் குழந்தை இருக்கும்.