குவைத்தில் ஓர் உடைந்த வீடு

எங்கள் ஊரில் "குவைத்துக்குப் போனவள்" என்றால், வீட்டுவேலைக்குப் போனவள் என்றுதான் அர்த்தம். நான் போனது அப்படியல்ல. அங்கே கணக்காளராக இருக்கும் தம்பி, "அக்கா, ஒருக்கா வந்து சுத்திப் பாத்திட்டுப் போங்கோ" என்று விசாவும் ரிக்கெற்றும் அனுப்பியிருந்தான். பத்து நாட்கள் விருந்தாளியாக இருந்துவிட்டு வந்தேன்.

குவைத் மிகச் சிறிய நாடு. பரப்பளவு 17,818 சதுர கிலோமீற்றர். எங்கள் வட மாகாணத்தைப் போல இரண்டு மடங்கு, அவ்வளவுதான். அங்கே ஆறும் இல்லை, குளமும் இல்லை. முன்னொரு காலத்தில் ஈராக் பக்கத்து ஆற்றிலிருந்து பாய்க்கப்பல்களில் குடிநீர் கொண்டுவந்தார்கள். முத்துக்குளிப்பும் கடல் வணிகமுமே பிழைப்பாக இருந்தன. 1946 இல் எண்ணெய் ஏற்றுமதி தொடங்கிய பின்னர் எல்லாம் மாறிவிட்டது. இன்று கடல்நீரை நன்னீராக்கி வீடுகளுக்கு விடுகிறார்கள். பவுசர் வரும்வரை வாளியோடு காத்திருந்து பழகிய எனக்கு, தம்பி வீட்டுக் குழாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அதிசயமாகவே இருந்தது.

முதல்நாள் குவைத் கோபுரங்களைப் பார்த்தோம். 1979 இல் திறக்கப்பட்ட மூன்று கோபுரங்கள். உயரமானது 187 மீற்றர். அவற்றில் இரண்டின் பெரிய உருண்டைகளில் தண்ணீரைத் தேக்கி வைக்கிறார்கள். மேலே நின்று பார்த்தால் ஒரு பக்கம் நீலக்கடல், மறுபக்கம் கண்ணாடிக் கட்டடங்கள். மாலையில் முபாரக்கியா பழைய சந்தை. பேரீச்சம்பழமும் வாசனைத் திரவியங்களும் குவியல் குவியலாக இருந்தன. கையையும் காலையும் மூடிய உடுப்போடு போனதால் எவரும் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தொழுகை அழைப்புக் கேட்டதும் சில கடைக்காரர்கள் எழுந்து பள்ளிவாசலுக்குப் போனார்கள்.

மூன்றாம் நாள் தம்பி கேட்டான். "அக்கா, பணக்கார நாட்டைப் பாத்திட்டியள். ஒரு உடைஞ்ச வீடும் இருக்கு. பாக்கிறியளோ?"

அல் குரைன் என்ற குடியிருப்புப் பகுதிக்குப் போனோம். சுற்றிலும் அழகான வீடுகள். நடுவில் ஒரு வீடு மட்டும் குண்டு துளைத்த சுவர்களோடு நின்றது. வாசலில் பழைய இராணுவ டாங்கி. பார்த்த உடனேயே என் கால்கள் நின்றுவிட்டன. இப்படியான சுவர்களை நான் ஊரில் எத்தனை பார்த்திருக்கிறேன்!

1990 ஓகஸ்ட் 2 ஆம் திகதி ஈராக் இராணுவம் குவைத்தைப் பிடித்தது. ஏழு மாதங்கள் ஆக்கிரமிப்பு. எதிர்த்து நின்றவர்களில் பெண்களும் இருந்தார்கள். அஸ்ரார் அல் கபந்தி என்ற பெண் பிடிபட்டு, 1991 ஜனவரியில் கொல்லப்பட்டார். பெப்ரவரி 24 ஆம் திகதி இந்த வீட்டில் இருந்த இளைஞர்களை இராணுவம் சுற்றிவளைத்தது. மணிக்கணக்காகச் சண்டை நடந்தது. அந்தக் குழுவில் 12 பேர் உயிரிழந்தனர். இரண்டே நாட்களில், 26 ஆம் திகதி, நாடு விடுபட்டது. அந்தத் தாய்மாரை நினைத்தபோது நெஞ்சு அடைத்தது.

பின்வாங்கிய இராணுவம் 600 இற்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீ வைத்தது. நவம்பரில்தான் கடைசித் தீயை அணைத்தார்கள். கோபுரங்களும் சேதமாகித் திருத்தப்பட்டவைதான். எல்லாவற்றையும் புதிதாகக் கட்டியவர்கள், இந்த ஒரு வீட்டை மட்டும் உடைந்தபடியே அருங்காட்சியகமாக விட்டிருக்கிறார்கள். பணமில்லாமலா? பிள்ளைகள் மறந்துவிடக்கூடாது என்பதற்காக.

அங்கும் காணாமற்போனோர் உண்டு. 605 பேருடைய பட்டியலை குவைத் உலகத்தின் முன் வைத்தது. 2003 இற்குப் பின்னர் ஈராக்கில் புதைகுழிகள் தோண்டப்பட்டன. மரபணுப் பரிசோதனை மூலம் பலர் அடையாளம் காணப்பட்டார்கள். முப்பது வருடங்கள் கடந்தும் சிலரது எச்சங்கள் வீடு வந்து சேர்ந்தன. இன்னும் எத்தனையோ குடும்பங்கள் காத்திருக்கின்றன. எண்ணெய்ப் பணத்தால் அந்தக் காத்திருப்பைக் குறைக்க முடியவில்லை.

அந்த யுத்தத்தில் அகப்பட்ட எங்கள் நாட்டுப் பணிப்பெண்களும் உண்டு. பாலைவனம் கடந்து ஜோர்தானுக்கு ஓடித் தப்பியவர்கள் ஏராளம். ஐக்கிய நாடுகள் சபை 1991 இல் அமைத்த இழப்பீட்டு ஆணைக்குழு, ஈராக்கின் எண்ணெய் வருமானத்திலிருந்து 2022 வரை 5,240 கோடி டொலர் வழங்கியது. அதில் ஒரு சிறு பங்கு இலங்கைப் பெண்களின் கைகளுக்கும் வந்தது. கேட்டு எழுதியவர்களுக்கே கிடைத்தது.

திரும்பி வரும்போது தம்பி, "ஏனக்கா பேசாமல் வாறியள்?" என்று கேட்டான். 2009 இல் காணாமற்போன என் கணவரின் நினைவுதான் எனக்கு. நான் பதில் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஒரு கொப்பி எடுத்தேன். அவருடைய முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், கடைசியாகக் கண்ட திகதி, இடம், உடுத்திருந்த சறத்தின் நிறம், யார் யார் பார்த்தார்கள் என்பதெல்லாம் எழுதி, மகளிடமும் ஒரு பிரதி கொடுத்தேன். சகோதரிகளே, நீங்களும் எழுதி வையுங்கள். எங்களிடம் எண்ணெய் இல்லை. ஆனால் பேனையும் கொப்பியும் இருக்கின்றனவே.